இடது கிரீனில் விழுந்த பந்து

பத்தொன்பது வருடத்தில் ஒன்பது கோல்ஃப் மைதானங்கள். கயோகோ இசெகியைப் பற்றிச் சொல்வதென்றால் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். எதிலிருந்தும் அவளை யாரும் துரத்தவில்லை. எங்கேயும் அவள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பவும் இல்லை. தொச்சிகியில் இரண்டு, குன்மாவில் மூன்று, இபராகியில் மூன்று, கடைசியாக இங்கே சிபா மலைச்சரிவில், எங்கள் குனுகிதாய் கிளப். டோக்கியோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மேடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கெல்லாம் ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது. கிளம்ப வேண்டும் என்று தோன்றிவிட்டால் அவளுக்கு ஒரே ஒரு போன் போதும்.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். நான் முன்மேசையில் வேலை பார்ப்பவன். வருபவர்களின் பெயரைப் பதிந்து அலமாரிச் சாவி கொடுப்பது என் வேலை. அவள் மேசையில் சாய்ந்தபடி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே சொன்னாள்.

“எல்லா மரமும் தெரிஞ்சு போயிடுதுங்க. அப்புறம் மூச்சு முட்டுது.”

அவள் வேலை துணையாள் வேலை. மேட்டில் தொடங்கிக் குழியில் முடியும் ஒவ்வொரு களமும் ஒரு ஹோல்; ஆட வருபவர்களோடு பதினெட்டு ஹோலும் கூடவே போக வேண்டும். பைகளை ஏற்றிய வண்டியை நகர்த்த வேண்டும், கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், மூங்கில் புதருக்குள் ஓடிய பந்தைத் தேட வேண்டும். எவ்வளவு கேவலமாக அடித்தாலும் “அடடா, காத்து ஏமாத்திடுச்சு” என்று காற்றின் மேல் பழியைப் போட வேண்டும். கயோகோவுக்கு இது எல்லாமே வரும். ஓரிடத்தில் இருப்பது மட்டும் வராது. மற்ற பெண்கள் ஓய்வறையில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சும்போது இவள் ஜன்னலோரம் நின்றபடி சோற்று உருண்டையை நாலு கடியில் முடிப்பாள். உட்கார வைத்தால் முழங்கால் ஆடும். மேசை ஆடும். அடுத்தவள் டீ சிந்தும்.

இப்படிப்பட்டவள் எங்கள் கிளப்பில் மூன்றாவது வருடத்தை முடிக்கப் போகிறாள் என்பதே எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. காரணம் அவளுடைய மகள் வகனா.

வகனா ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்தவள். புதுப் பள்ளியில் முதல் நாள் என்ன பேச வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். கணவன் போன பிறகு தாயும் மகளும் மட்டும்தான். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அன்று, கிளப்புக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பின் சின்ன சமையலறையில், வகனா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, மூணு வருஷம். ஒரே ஸ்கூல், ஒரே ஸ்டேஷன், ஒரே சைக்கிள். உன்னால முடியுமா?”

“முடியும்டி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சத்தியம் பண்றப்பவே கால ஆட்டிட்டிருக்க.”

“அது குளிருக்கு.”

“ஏப்ரல் மாசம்மா.”

அந்தக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அறையும் போகும். துணையாட்களுக்கு ஒப்பந்தம் ஒவ்வொரு டிசம்பரோடும் முடியும். யாரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்வது என்பதை நவம்பர் கடைசியில் மேலாளர் முகாய் முடிவு செய்வார். வகனாவின் பள்ளி முடிவது மார்ச்சில். இடையில் இருந்தது இந்த ஒரு டிசம்பர்தான். இதைத் தாண்டிவிட்டால் போதும்.

தாண்டுவது சுலபமாக இல்லை. முகாய் டோக்கியோ தலைமை அலுவலகத்திலிருந்து போன வருடம்தான் இங்கே அனுப்பப்பட்டவர். நல்ல மனிதர், ஆனால் புகார் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஜூன் மாதம் ஒரு பெரியவர் கயோகோவைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். “அந்தம்மா என்னை மாடு மாதிரி ஓட்டிட்டுப் போச்சு” என்றார். பொய்யில்லை. அவள் நடை அப்படி. முகாய் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இசெகி, நான் உங்களை அனுப்பணும்னு நினைக்கல. ஆனா இன்னொரு புகார் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க.”

அதிலிருந்து அவள் காலை அடக்கி நடக்கப் பழகினாள். பார்க்கப் பாவமாக இருக்கும். கயிறு கட்டிய நாய் நடப்பது போல, இரண்டடி வைத்து நின்று திரும்பிப் பார்ப்பாள். அறையில் இடமாற்றப் பெட்டிகள் பிரிக்காமலே அடுக்கி இருந்தன. ராத்திரி அவற்றை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துவாள் என்று வகனா சொல்லுவாள். எங்கேயும் போக முடியாதவள் பெட்டியையாவது போக வைத்தாள்.

நவம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. அன்றுதான் கிரீன் மாற்றும் நாள்.

எங்கள் மைதானத்தில் ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு கிரீன். குழி வெட்டிக் கொடி நட்டிருக்கும் வழுவழுப்பான புல்தரையைத்தான் சொல்கிறேன். இடதுபக்கம் இருப்பது கோடைப் புல், வலதுபக்கம் குளிர்காலப் புல். ஏழு மாதம் இடது, ஐந்து மாதம் வலது. இரண்டுக்கும் நடுவே முப்பது நாற்பது தப்படி இருக்கும். எதில் கொடி நிற்கிறதோ அதுதான் அன்றைக்குச் செல்லும். மற்றது வெறும் புல். பந்து அதில் விழுந்தால் எடுத்து வெளியே போட்டு ஆட வேண்டும். மாற்றும் நாளில் புல்வெளி ஆட்களின் தலைவர் அபிகோ விடிவதற்குள் வலதில் பதினெட்டுக் குழி வெட்டி, வெட்டியெடுத்த மண்கட்டியால் இடதில் உள்ள பழைய குழிகளை மூடிவிடுவார்.

காலைக் கூட்டத்தில் இதைச் சொன்னார்கள். “இன்னையிலேருந்து வலது. மறந்துடாதீங்க, வலது.” கயோகோ தலையாட்டினாள். மூத்த துணையாள் ஃபுமியே அவள் விலாவில் இடித்து, “கேட்டியா? பாதி உடம்பு வெளியில நிக்குது உனக்கு” என்றாள். “கேட்டேன் கேட்டேன்” என்றாள் இவள், ஒரு கையில் வண்டிச் சாவியோடு.

அன்று அவளுக்கு ஒதுக்கியது மூன்று பேர். பெரிய ஆள் நெமோதோ, எழுபத்தொரு வயது, முள்ளங்கி ஊறுகாய்த் தொழிற்சாலை முதலாளி. கூட வந்தவர் அவருடைய தொழிற்சாலை நிர்வாகி, வாயே திறக்காத மனிதர். மூன்றாமவன் உசுயி. ஊறுகாய் அடைக்கும் பிளாஸ்டிக் பைகளை விற்கும் கம்பெனிக்காரன். ஆட்டத்துக்கு அழைத்ததும் அவன்தான், அன்றைய உபசாரம் முழுவதும் அவன் பொறுப்பு. அவன் எவ்வளவு நன்றாக ஆடுவான் என்பதை அவன் எவ்வளவு நேர்த்தியாகத் தவறவிடுகிறான் என்பதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார்; அதனால் அவன் முதலாளியை விட ஒரு அடியாவது கூடுதலாக அடித்துத் தோற்க வேண்டும். அதே சமயம் வேண்டுமென்றே தோற்றது போலத் தெரியவும் கூடாது.

நெமோதோ எங்களுக்குப் பழக்கமானவர். முப்பது வருடமாக ஆடுகிறார். முப்பது வருடமாக அவருக்கு ஒரே ஆசை: தொடங்கும் மேட்டிலிருந்து ஒரே அடியில் பந்து குழியில் விழ வேண்டும். இங்கெல்லாம் அப்படி விழுந்தால் அடித்தவர்தான் ஊருக்கு விருந்து வைக்க வேண்டும், தன் பெயர் அச்சடித்த துண்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், மைதானத்தில் மரம் நட வேண்டும். அந்தச் செலவுக்கென்றே இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கூட வந்த துணையாள் ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால்தான் அது செல்லும். நெமோதோ துண்டின் நிறம்கூட முடிவு செய்து வைத்திருந்தார். முள்ளங்கி ஊறுகாயின் மஞ்சள்.

அன்று காலை சாவி வாங்கும்போது என்னிடம் சொன்னார்: “இன்னிக்கு விழும். வலது தோள்ல ஒரு அரிப்பு இருக்கு.”

“போன மாசமும் அதே அரிப்புதான் சொன்னீங்க முதலாளி.”

“அது இடது தோள்.”

அவர்கள் பத்தாவது ஹோலிலிருந்து தொடங்கும் வரிசை. பத்திலும் பதினொன்றிலும் கொடி தெளிவாகத் தெரிந்தது. கயோகோ சரியாகவே வழி சொன்னாள். பன்னிரண்டாவது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நூற்று நாற்பது கெஜம். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எதிர்மேட்டைத் துடைத்துவிட்டிருந்தது.

“ஒண்ணும் தெரியலையேம்மா” என்றார் நெமோதோ. “பால் குடிச்ச கிளாஸ் மாதிரி இருக்கு.”

முன்னால் போனவர்கள் கிரீனை விட்டுப் போய்விட்டார்களா என்று அவள் வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டாள். போய்விட்டார்கள். பின்னால் அடுத்த கூட்டத்தின் பேச்சுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டினாள்.

“அந்தப் பைன் மரம் நிழலா தெரியுதா முதலாளி? அதோட இடது தோளுக்கு நேரா. மெதுவா, ஆறாம் நம்பர் மட்டை போதும்.”

ஏழு மாதமாக அந்தக் கை போன இடத்துக்குத்தான் அன்றும் போனது. சொல்லும்போது அவள் அடுத்த ஹோலுக்கு எந்த வழியாக வண்டியை விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

நெமோதோ அடித்தார். சத்தம் நன்றாக இருந்தது. நிர்வாகி அடித்தார். உசுயி கவனமாகப் பள்ளத்தின் ஓரத்தில் போட்டுவிட்டு, “ஐயோ, எனக்கு இந்த ஹோல் ஆகவே ஆகாது” என்று தலையில் தட்டிக்கொண்டான்.

முதலில் மேடேறியது கயோகோ. அடக்கி வைத்திருந்த நடை பனிக்குள் போனதும் அவிழ்ந்துகொண்டது. இடது கிரீனுக்கு ஓடினாள். நிர்வாகியின் பந்து விளிம்பில் கிடந்தது. கொடியைக் காணோம். வலதுபக்கம் திரும்பினாள். அங்கே, ஈரத்தில் சுருண்டு, சிவப்பாகக் கொடி தொங்கியது.

‘வலது, மறந்துடாதீங்க, வலது.’

அடுத்த கணம் அவள் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை வட்டம். இடது கிரீனின் பழைய குழி மூடப்படவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒரு பந்து. அதில் மஞ்சள் மையில் குட்டி முள்ளங்கி. நெமோதோ தன் எல்லாப் பந்திலும் போட்டுக்கொள்ளும் அடையாளம்.

அவள் ஓடினாள். வலது கிரீனுக்கு ஓடி, கொடிக் கம்பைப் பிடுங்கினாள். பனியில் எதிரே பத்துத் தப்படிக்கு மேல் தெரியவில்லை. இந்தக் கம்பை அந்தக் குழியில் வைத்துவிட்டால் போதும். எல்லோரும் கூப்பாடு போட்டுக் கை தட்டிவிட்டு அடுத்த மேட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போனதும் திரும்ப இங்கே நட்டுவிடலாம். முப்பது தப்படி. அவள் வேகத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அபிகோவின் குரல்.

“இசெகி, பன்னெண்டுலயா இருக்க? பழைய குழிய மூடாம வந்துட்டேன் தாயே. பதினஞ்சுல காட்டுப்பன்னி உழுது நாத்து நடற மாதிரி வெச்சிருக்குன்னு கூப்பிட்டாங்க, அப்படியே ஓடிட்டேன். யாரும் பாக்கறதுக்குள்ள வந்து மூடிடறேன். மேலாளர் காதுக்குப் போச்சுன்னா என்னைத்தான் உழுவாரு.”

அவள் அதற்குள் பாதி வழியில் இருந்தாள். பனிக்குள்ளிருந்து முதலில் உசுயியின் தொப்பி வந்தது, பிறகு நிர்வாகி, கடைசியில் மூச்சிரைக்க நெமோதோ. கயோகோ இரண்டு கிரீனுக்கும் நடுவில், கையில் கொடியோடு நின்றாள். துணையாள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தினமும் நடப்பதுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“என்னம்மா, என் பந்தக் காணோமா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் உசுயி இடது கிரீனைக் குறுக்கே கடந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டான்.

“விழுந்துடுச்சு! முதலாளி! விழுந்துடுச்சு! முள்ளங்கி உள்ள இருக்கு!”

நெமோதோ ஓடவில்லை. தொப்பியைக் கழற்றினார். மெதுவாக நடந்து வந்து குழியின் பக்கத்தில் ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்தார். கையை உள்ளே விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத நிர்வாகி இரண்டு கையையும் தூக்கி மூன்று தடவை வாழ்க கோஷம் போட்டார். உசுயி போனை எடுத்துப் படம் பிடித்தான்.

“அம்மா,” என்று நெமோதோ நிமிர்ந்து பார்த்தார். “நீதான் சாட்சி. நல்லாப் பாத்தியா?”

கயோகோவுக்கு அப்போது வகனாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்ததாம். குடியிருப்புக் கொட்டகையில், மூன்று வருடமாக ஒரே தூணில் சாய்த்து வைத்து, அந்தத் தூணில் கைப்பிடி உரசிய கோடு விழுந்திருக்கும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கோடு இன்னும் நாலு மாதம் ஆழமாகும்.

“இல்லைங்க முதலாளி,” என்றாள். “இன்னிக்குக் குழி இது இல்ல. அங்க இருக்கு, வலது பக்கம். இந்தக் கொடிய நான் அங்கேருந்துதான் புடுங்கிட்டு வந்தேன். நான்தான் தப்பாக் கை காட்டினேன். மன்னிச்சுக்கோங்க.”

இடுப்பு வளைய, தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். நிமிரவில்லை.

உசுயி அவள் அருகே வந்து, முதலாளிக்குக் கேட்காத குரலில் சீறினான். “உன்னை யாரும்மா கேட்டா? அந்தக் கொடியோட இன்னும் பத்துத் தப்படி நடந்திருந்தா முடிஞ்சுது. எல்லாரும் சந்தோஷமா சாப்பிடப் போயிருப்போம்.”

“நடக்கத்தான் ஆரம்பிச்சேன்,” என்றாள் அவள், குனிந்தபடியே.

நெமோதோ பந்தை வெளியே எடுத்தார். துடைத்தார். “நேத்து இது செல்லுமா?”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் செல்லும் முதலாளி.”

“நேத்து நான் பல் டாக்டர்கிட்ட வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் விதிப்படி பந்தைக் கிரீனுக்கு வெளியே போட்டு அடித்தார். அது மணல் பள்ளத்தில் விழுந்தது. மொத்தம் ஆறு அடியில் முடித்தார். அதற்குப் பிறகு பதினெட்டாவது வரைக்கும் அவர் பேசவில்லை. ஒரு விருந்தாளி கத்தினால் பதில் சொல்லிவிடலாம். பேசாமல் நடப்பவரோடு ஆறு ஹோல் நடப்பதற்கு என்ன செய்வது என்று எங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்ததில்லை.

ஒன்பது ஹோல் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட வருவார்கள். உணவுக்கூடம் நிரம்பி வழியும் நேரம். உசுயி சாப்பிடப் போகவில்லை. நேரே என் மேசைக்கு வந்தான்.

“மேலாளரைக் கூப்பிடுங்க. புகார்.”

கூப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

ஓய்வறையில் விஷயம் கயோகோவுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் சுவரிலிருந்து சுவருக்கு நடந்துகொண்டிருந்தாள். ஃபுமியே குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் டக்கென்று வைத்தாள்.

“ஏண்டி, கொடியத் தூக்கினவ கொண்டு போய் வெக்க வேண்டியதுதான? பாதி தப்பு பண்ணிட்டு மீதிக்கு வெக்கப்படறவள இப்பதான் பாக்கறேன்.”

“அவர் உக்காந்துட்டாருக்கா. ஈரத்துல. பேண்ட் நனையறதுகூடத் தெரியாம. அவருக்கு எப்படிப் பொய்யான குழியக் குடுக்கறது?”

“உனக்கு டிசம்பர் இருக்கே, அது?”

“தெரியும்.”

“உக்காரு முதல்ல. தலை சுத்துது எங்களுக்கு.”

“உக்காந்தா எனக்குச் சுத்துது.”

முகாயின் அறையில் உசுயி முன்பே இருந்தான். அவள் உள்ளே வந்ததும் முகாய் கேட்டார்: “பழைய குழி எப்படித் திறந்திருந்துது? யார் வேலை அது?”

“குழி திறந்திருந்ததால தப்பு நடக்கலைங்க. என் கை தப்பாப் போச்சு. அவ்வளவுதான்.”

“நான் அதைக் கேக்கல.”

“அதத்தான் நான் சொல்ல முடியும்.”

உசுயி இடைமறித்தான். மத்தியான ஆட்டத்துக்கு இந்தப் பெண் வரக்கூடாது, நெமோதோவிடம் கிளப் மன்னிப்புக் கேட்க வேண்டும், தன் கம்பெனியின் மானம் போய்விட்டது என்று அடுக்கிக்கொண்டே போனான். அப்போது கதவு திறந்தது. நெமோதோ. உதட்டில் கறிக் குழம்பின் மஞ்சள். முகாய் எழுந்து நின்றார். எனக்குத் திறந்த கதவு வழியாக எல்லாம் கேட்டது.

“முதலாளி, மன்னிக்கணும், வேற ஆளை அனுப்பறோம்.”

“ஆமா, அனுப்புங்க,” என்றார் நெமோதோ. “இந்தம்மா முகத்தப் பாத்தா எனக்கு அந்தக் குழிதான் தெரியுது. பந்து எங்க போகும்?”

கயோகோ தரையைப் பார்த்தாள். காப்பாற்ற யாராவது வருவார்கள் என்றால் அவர்தான் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

“இன்னொண்ணு,” என்றார் அவர். “அந்தக் குழிக்குள்ள வெள்ளையா ஒரு டப்பா வெச்சிருப்பீங்கல்ல, அது எனக்கு வேணும். விலை சொல்லுங்க.”

“அது… எதுக்கு முதலாளி?”

“பேனா போட்டு வெக்க. உசுயி, வா, சாப்பிடு. உன் சூப்பு ஆறிப்போச்சு. பதினேழுல ஒரு முழ தூரத்துல வேணும்னே தவறவிட்டியே, அதைப் பத்தியும் பேசலாம்.”

உசுயியின் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. இருவரும் போனார்கள். ஆனால் புகார் புகார்தான். பதிவாகிவிட்டது. மாலையில் முகாய் கயோகோவைத் திரும்பக் கூப்பிட்டார். கதவு அப்போதும் திறந்தே இருந்தது.

“இசெகி, என் நிலைமை உங்களுக்குத் தெரியும். துணையாளா உங்க ஒப்பந்தத்த நான் நீட்டிக்க முடியாது.”

“மார்ச் வரைக்கும் மட்டும்?”

“எப்படிங்க? மேலிடத்துல இரண்டு புகார் இருக்கு.”

“அறையை மட்டும்?”

அவர் மாத்திரை டப்பாவைத் தேடினார். அந்த நேரம் அபிகோ வந்தார். பூட்ஸைக் கழற்றாமல், கம்பளத்தில் சேறு பதிய நடந்து வந்தார். வாயில் எப்போதும்போல சூயிங்கம்.

“குழிய மூடாம வந்தது நான்.”

“அபிகோ, பூட்ஸ்…”

“இந்தப் பொண்ணு சொல்லாதுன்னு தெரியும். அதான் வந்தேன். அவளை அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்பிடுங்க. நாளைக்குப் புல்ல நீங்களே வெட்டுங்க. பன்னியையும் நீங்களே விரட்டுங்க.”

முகாய் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். அபிகோ இல்லாமல் இந்த மைதானம் ஒரு வாரம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

“என்னதான் வேணும் உங்களுக்கு?”

“எனக்கு ஆள் குறையுது. செப்டம்பர்லேருந்து ரெண்டு ஆள் கேட்டுட்டிருக்கேன். இவளை எனக்குக் குடுங்க. என் ஆட்களை எந்த விருந்தாளியும் பாக்கறதில்ல. பாக்காத ஆள்மேல எவன் புகார் குடுப்பான்?”

முகாய் கூரையைப் பார்த்தார். மேலிடம் என்ன கேட்கும், அதற்கு என்ன சொல்லலாம் என்று அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்: “அறை?”

“புல்வெளி ஆளுக்கும் அறை உண்டே. விதியில இருக்கு.”

“இசெகி, உங்களுக்குச் சம்மதமா? கூலி குறையும். விருந்தாளி கையில குடுக்கறதும் கிடையாது.”

கயோகோ கம்பளத்தில் பதிந்த சேற்றுத் தடங்களைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமும் அவள் செய்தது மனிதர்களோடு நடப்பதுதான். புது முகம், புதுப் பேச்சு, புதுப் பொய். சாயங்காலம் அவர்கள் போனதும் எல்லாம் காலி. மரம் மட்டும் பழசாகும்.

“அங்க பேச ஆள் இருக்குமா?” என்று அபிகோவைக் கேட்டாள்.

“புல்லு பேசாது. விடியக்காலைல நானும் பேச மாட்டேன்.”

“நடக்கலாமா?”

“நடக்கறதத் தவிர வேற வேலையே இல்ல.”

“சரி,” என்றாள்.

குடியிருப்பில் வகனா வாசலிலேயே நின்றிருந்தாள். ஃபுமியே முன்கூட்டியே வத்தி வைத்துவிட்டிருந்தாள்.

“எங்கம்மா போறோம்? இபராகியா, குன்மாவா? சீக்கிரம் சொல்லு, பரீட்சை வருது.”

“எங்கயும் போகல.”

“பொய் சொல்லாத.”

“மார்ச் வரைக்கும் இங்கதான். வேலைதான் மாறுது. புல்லு வெட்டப் போறேன்.”

வகனா அம்மாவின் கால்களைப் பார்த்தாள். “அந்தக் கிழவர்கிட்ட ஆமான்னு சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தா பழைய வேலையே இருந்திருக்கும்.”

“லூசும்மா நீ.”

“தெரியும். சோறு வெச்சியா?”

“வெச்சேன். இன்னிக்காவது உக்காந்து சாப்பிடு.”

உட்கார்ந்தாளா என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் துணையாள் சீருடையையும் தொப்பியையும் மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, சேற்றுப் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனாள். அளவு கொஞ்சம் பெரிது. இரண்டு காலுறை போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவளுக்கு வேலை தொடங்குகிறது.